தாய் பத்திரம் யார்கிட்ட இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வடக்கு கலிபோர்னியாவுல ஒரு சின்ன ஊர்ல பதினோரு வருஷமா குடியிருக்கேன். உங்க பேப்பர் எங்க அப்பா தினமும் படிச்சது, இப்ப நான் போன்ல படிக்கறேன், ஆனா ஆசிரியருக்கு கடிதம்னு எழுதறது இதுதான் முதல் தடவை. போன ஞாயித்துக்கிழமை வாசகர் பக்கத்துல அமெரிக்காவுல இருக்குற ஒரு அன்பர் எழுதியிருந்தாரு, இங்க சிட்டிக்காரங்க, அதாவது நகராட்சி, பொது நிலத்தை எல்லாம் பூர்வகுடிகளுக்கு வித்துட்டு வராங்க, இன்னைக்கு பார்க் போகும் நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வருவாங்க, அதனால இங்க இருக்குற தமிழர்கள் எல்லாம் சேர்ந்து எதிர்க்கணும்னு. அதை படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஒப்பல. ஏன்னா அதே விவகாரம்தான் எங்க ஊர்லயும் எட்டு மாசமா ஓடிட்டு இருக்கு, நானும் முதல்ல அவர் மாதிரியேதான் நினைச்சேன், எதிர்ப்பு மனுவுல கையெழுத்து கூட போட்டேன், அப்புறம் அந்த கையெழுத்தை வாபஸ் வாங்கினேன். ஏன் வாங்கினேன்னு சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

விஷயம் இதுதான். ஓடை ஓரமா சிட்டிக்கு சொந்தமா 30 ஏக்கருக்கு மேல ஒரு நிலம் இருக்கு. ஒரு காலத்துல சிட்டியோட லாரி, பைப், தார் டிரம் எல்லாம் போட்டு வெச்சிருந்த யார்டு அது, அதை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப ஓக் மரமும் புல்லும்தான் இருக்கு, நடுவுல ஒரு நடைபாதை போகுது, சாயங்காலம் நாங்க நாலஞ்சு குடும்பம் அங்கதான் நடப்போம். அங்கதான் எங்க கிராமம் இருந்துச்சு, எங்க முன்னோர்களை புதைச்சதும் அங்கதான்னு சொல்லி இந்த பக்கத்து பூர்வகுடி ட்ரைப் அந்த நிலத்தை கேக்கறாங்க. சிட்டி கவுன்சில் தர தயார், ஆனா மார்க்கெட் ரேட்டுக்கு, மதிப்பீட்டாளரை வெச்சு விலை போட்டிருக்காங்க, அந்த காசை கட்டினா கிரயம் பண்ணித் தரோம்ங்கறாங்க. ஊர் ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, எந்த விலைக்கும் விக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம், முழு விலை வந்தா வித்துடலாம்னு ஒரு பக்கம். நான் சொல்ல வர்றது இந்த ரெண்டும் இல்ல. விலையே கேக்கக் கூடாது, திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஊர் பேரையும் ட்ரைப் பேரையும் இங்க எழுதல, கவுன்சில்ல ஓட்டெடுப்பு இன்னும் நடக்கல, ஏற்கனவே சூடா இருக்கு, நான் ஒரு பக்கம் எண்ணெய் ஊத்த வேண்டாம்னுதான்.

நாங்க இந்த வீட்டை வாங்கினப்ப டைட்டில் கம்பெனி ஆபீஸ்ல உக்கார வெச்சு கட்டு கட்டா பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. நம்ம ஆளுங்களுக்கு நிலம்னா முதல்ல வாயில வர்றது என்ன, தாய் பத்திரம் இருக்கா, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா, வாரிசுங்க எல்லாரும் கையெழுத்து போட்டாங்களா, இதானே. எங்க அப்பா ஒரு மனை வாங்க சப் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் மூணு மாசம் அலைஞ்சதை பாத்து வளந்தவ நான், வித்தவரோட தங்கச்சி ஒருத்தங்க கையெழுத்து விட்டுப்போயிருக்குன்னு தெரிஞ்சதும் அட்வான்ஸ் கொடுத்த பிறகும் கிரயத்தை நிறுத்தி வெச்சாரு, அந்தம்மாவை தேடிப் போய் சம்மதம் வாங்கிட்டுத்தான் பதிவு பண்ணினாரு. அந்த பழக்கத்துல இங்கயும் கேட்டேன், இந்த நிலம் முதல்ல யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு. 19ஆம் நூற்றாண்டுல மத்திய அரசு குடியேறி வந்த ஒரு செட்லருக்கு எழுதிக் கொடுத்த பட்டாதான் முதல் காகிதம்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். அரசாங்கத்துக்கு அது எப்படி வந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கு கேக்கத் தோணல.

அதுக்கு பதில் கவுன்சில் மீட்டிங்லதான் கிடைச்சுது. நான் அங்க போனதே விக்கக் கூடாதுன்னு பேசறதுக்குத்தான். இங்க பொது ஜனம் பேசறதுக்கு ஆளுக்கு 3 நிமிஷம், முன்னாடியே சீட்டு எழுதிக் கொடுக்கணும், மைக் முன்னாடி நின்னதும் டைமர் ஓட ஆரம்பிச்சுடும். எனக்கு முன்னாடி ட்ரைப்ல இருந்து ஒரு வயசான அம்மா வந்தாங்க, எழுபதுக்கு மேல இருக்கும், கையில பேப்பர் எதுவும் இல்ல. அவங்க பாட்டிக்கு ரொம்ப வருஷம் முன்னாடி அரசாங்கத்துல இருந்து ஒரு செக் வந்துச்சாம், உங்க நிலத்துக்கெல்லாம் இதோட கணக்கு தீந்துதுன்னு. பாட்டி அந்த செக்கை மாத்தவே இல்லயாம், கடைசி வரைக்கும் டிரங்குப் பெட்டியிலயே இருந்துச்சாம், நிலத்தை நான் விக்கவே இல்லயே எதுக்கு காசுன்னு கேட்டுட்டே செத்துப்போனாங்களாம். இதை சொல்லிட்டு அந்தம்மா அழல, கோபப்படல, டைமர் அடிக்கறதுக்குள்ள போய் உக்காந்துட்டாங்க. அடுத்தது என் பேரை கூப்பிட்டாங்க. நான் எழுந்து இன்னைக்கு பேசலன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான். அந்த செக் என்ன செக்னு தேடப் போய் எங்கெங்கயோ போச்சு.

கலிபோர்னியாவுல தங்கம் கண்டுபிடிச்சது 1848. கூட்டம் கூட்டமா ஜனம் வந்து இறங்கினாங்க. 1851லயும் 1852லயும் மத்திய அரசு மூணு கமிஷனர்களை அனுப்பி இங்க இருந்த நூத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழுக்கள்கிட்ட 18 ஒப்பந்தம் போட்டுது. உங்க மிச்ச நிலத்தை எல்லாம் விட்டுக் கொடுங்க, பதிலுக்கு உங்களுக்குன்னு 70 லட்சம் ஏக்கருக்கு மேல ஒதுக்கித் தரோம், மாடு, துணிமணி, பள்ளிக்கூடம் எல்லாம் தரோம்னு. அவங்களும் நம்பி கையெழுத்து வெச்சாங்க, பல பேர் சொன்ன இடத்துக்கு குடி பெயர்ந்து போகவும் ஆரம்பிச்சாங்க. ஆனா அந்த நிலத்துல தங்கம் இருக்கும், நல்ல விவசாய மண் இருக்கும்னு சொல்லி கலிபோர்னியா அரசியல்வாதிங்க எதிர்க்க, 1852ல அமெரிக்க செனட் 18 ஒப்பந்தத்தையும் நிராகரிச்சுடுச்சு. நிராகரிச்சதோட விடல, அதை ரகசியம்னு சொல்லி பூட்டி வெச்சுட்டாங்க. அந்த காகிதம் வெளிய வந்தது 1905ல. அரை நூற்றாண்டுக்கு மேல ஒரு ஜனத்தோட பத்திரத்தை பெட்டியில பூட்டி வெச்சிருந்தாங்க ஐயா. அதுக்குள்ள 1851ல ஒரு சட்டம், கலிபோர்னியாவுல நிலம் வெச்சிருக்கறதா உரிமை கோரறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள கமிஷன் முன்னாடி வந்து நிரூபிக்கணும்னு, யாருக்கு தெரியும் அது, யார் அவங்ககிட்ட சொன்னா, கெடு முடிஞ்சுது, நிலம் எல்லாம் அரசாங்க நிலம் ஆச்சு. எங்க வீட்டோட முதல் காகிதம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. தாய் பத்திரம்னு ஒண்ணு இருந்துச்சு, செனட் பெட்டிக்குள்ள.

அந்த வருஷங்கள்ல நடந்த மத்ததை எழுத கை வரல, ஆனா சொல்லாம இருந்தா தப்பு. 1851 ஜனவரில கலிபோர்னியாவோட முதல் கவர்னர் பீட்டர் பர்னெட் சட்டமன்றத்துக்கு அனுப்பின உரையிலயே, இந்த இனம் அழிஞ்சு போற வரைக்கும் ஒழிப்புப் போர் நடக்கும், அதை எதிர்பாக்கத்தான் வேணும்னு பகிரங்கமா சொல்லியிருக்காரு. அவங்களை வேட்டையாடப் போன தன்னார்வப் படைகளுக்கு மாநில அரசு கஜானாவுல இருந்து 10 லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணியிருக்கு. தங்கம் கிடைச்ச சமயத்துல சுமார் ஒன்றரை லட்சமா இருந்த ஜனத்தொகை 1870 வாக்குல ஏறக்குறைய 30 ஆயிரமா ஆகிடுச்சு. நோய், பட்டினி, கொலை எல்லாம் சேர்த்துத்தான். 2019ல கவர்னர் கேவின் நியூசம் இதை இனப்படுகொலைன்னே வாயால சொல்லி மாநிலத்தோட சார்பா மன்னிப்பு கேட்டாரு. நம்ம தமிழ் ஜனத்துக்கு அந்த வார்த்தையோட கனம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இப்ப அந்த பாட்டியோட செக்குக்கு வரேன். 1946ல மத்திய அரசு பூர்வகுடிகளோட நில வழக்கை விசாரிக்க ஒரு ஆணையம் வெச்சுது. அந்த ஆணையத்துக்கு நிலத்தை திருப்பித் தர அதிகாரம் கிடையாது, காசுதான் தர முடியும். கலிபோர்னியா வழக்கு இழுத்து இழுத்து கடைசியில 1964ல 6 கோடியே 40 லட்சம் ஏக்கருக்கு சேர்த்து 2 கோடியே 91 லட்சம் டாலர்னு முடிஞ்சுது. வகுத்துப் பாருங்க, ஏக்கருக்கு சுமார் 45 சென்ட் வருது. 1850கள்ல இருந்த விலையை வெச்சு கணக்கு போட்டாங்க, அதுவும் கையில வர இன்னும் பல வருஷம் ஆச்சு.

இதை படிச்ச பிறகு எங்க சிட்டியோட மார்க்கெட் ரேட்டை நினைச்சுப் பாத்தேன். எடுத்தப்ப ஏக்கருக்கு 45 சென்ட், அதுவும் நூறு வருஷம் கழிச்சு. திருப்பி கேட்டா ஏக்கருக்கு இன்னைய ரேட். அந்த ட்ரைப்ல மொத்தமே சில நூறு பேர்தான், அவங்க காசு சேக்கறதுக்கு ஒவ்வொரு மாசமும் சமூகக் கூடத்துல விருந்து சமைச்சு டிக்கெட் போட்டு விக்கறாங்க, நான் இதை கண்ணால பாத்தேன், பத்து வயசுப் பசங்க தட்டு தூக்கிட்டு ஓடுதுங்க, எதுக்குன்னா அவங்க கொள்ளுத் தாத்தா பாட்டியை புதைச்ச இடத்தை காசு கொடுத்து வாங்கறதுக்கு. இதுல நியாயம்னு எதை சொல்றது.

எங்க தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல இதை எழுதினதும் சண்டையே வந்துடுச்சு. நம்ம ஆளுங்க சொல்றதுல முதல் பயம் கேசினோ. 30 ஏக்கர்ல கேசினோ கட்டிடுவாங்க, ராத்திரி பூரா டிராஃபிக், குடிகாரங்க, ஸ்கூல் பக்கத்துலயேன்னு. இந்த பயத்தை நான் கேலி பண்ணல, எனக்கும் இருந்துச்சு. ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கணும் இல்லயா. 1988ல வந்த மத்திய சட்டப்படி அந்த வருஷம் அக்டோபர் 17க்கு பிறகு டிரஸ்டுக்கு வந்த, அதாவது மத்திய அரசு ஒரு ட்ரைப்புக்காக தன் பேர்ல ஏத்துக்கிட்ட நிலத்துல பொதுவா சூதாட்டம் நடத்த முடியாது. விதிவிலக்கு இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு மத்திய உள்துறை, மாநில ஒப்பந்தம்னு ஏகப்பட்ட படி ஏறணும். டிரஸ்ட்ங்கறதே தனிக் கதை. சிட்டிகிட்ட இருந்து நிலம் கைமாறினதும் அது சாதாரண சொத்து மாதிரிதான், ஊர் விதி எல்லாம் அதுக்கும் உண்டு. 1934 சட்டத்து கீழ மத்திய அரசு அதை அவங்களுக்காக டிரஸ்டா ஏத்துக்கிட்டாத்தான் ஊர் வரியும் ஊர் விதியும் பொருந்தாது, அதுக்கு விண்ணப்பம் போட்டா சிட்டிக்கும் கவுன்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) நோட்டீஸ் வரும், ஆட்சேபணை சொல்ல டைம் தருவாங்க, வருஷக்கணக்கா இழுக்கும். எல்லாத்துக்கும் மேல, எங்க ஊர் ட்ரைப் ரெண்டாவது மீட்டிங்லயே சூதாட்டம் நடத்த மாட்டோம்னு எழுதித் தரோம்னு சொல்லிட்டாங்க. அந்த காகிதத்தை வாங்கி ஒப்பந்தத்துல சேத்துக்க வேண்டியதுதானே. நமக்கு பஞ்சமி நிலம்னா என்னன்னு தெரியும், இன்னாருக்குத்தான், இதுக்குத்தான்னு நிபந்தனை எழுதி கொடுத்த நிலம், அப்படி எழுதறது உலகத்துல இல்லாத புதுசு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, வரி போயிடும்னு சொல்றாங்க. அந்த நிலம் இப்ப சிட்டியோடது, சிட்டி தனக்குத் தானே சொத்து வரி கட்டிக்கறதில்ல, இன்னைக்கு அதுல இருந்து ஒரு சென்ட் வரியும் வரல. போறதுக்கு என்ன இருக்கு. இதை நான் குரூப்ல சொன்னப்ப யாரும் பதில் எழுதல.

நடைபாதைதான் எனக்கே வலிச்ச விஷயம். என் பொண்ணு சைக்கிள் கத்துக்கிட்டது அந்த பாதையிலதான். கைமாறினா கேட் போட்டு பூட்டிடுவாங்களோன்னு. சில இடத்துல அப்படி நடந்திருக்கு, மறைக்க மாட்டேன். மின்னசோட்டாவுல அப்பர் சூ ஏஜென்சி ஸ்டேட் பார்க்குன்னு 1,300 ஏக்கர் பக்கம், அதை 2024ல அங்க இருக்குற டகோட்டா பூர்வகுடி மக்களுக்கு மாநில அரசு காசு வாங்காமலேயே திருப்பிக் கொடுத்துச்சு, கொடுக்கறப்ப ஸ்டேட் பார்க்கை மூடினாங்க, சுத்தி இருக்கறவங்க வருத்தப்பட்டாங்க, கேம்ப் போட்டு பழகினவங்க அழக்கூட அழுதிருப்பாங்க. ஆனா அந்த இடம் என்ன இடம்னு பாருங்க. 1862ல தர வேண்டிய பணம் வரலன்னு சொல்லி கிடங்குல சாப்பாட்டை வெச்சுக்கிட்டே டகோட்டா ஜனத்தை பட்டினி போட்ட இடம். அந்த பட்டினியிலதான் டகோட்டா ஜனத்துக்கும் அமெரிக்காவுக்கும் போரே வெடிச்சுது. அவங்க முன்னோர்களைப் புதைச்ச மண் அது. அங்க நாம பார்பிக்யூ போட்டுட்டு இருந்தோம். நம்ம சுடுகாட்டுல யாராவது வந்து டென்ட் போட்டு சுட்டு சாப்பிட்டா நாம சும்மா இருப்போமா.

எல்லா இடத்துலயும் பூட்டிடறதும் இல்ல. மொன்டானாவுல நேஷனல் பைசன் ரேஞ்சுன்னு ஒண்ணு, 18 ஆயிரம் ஏக்கருக்கு மேல, காட்டெருமை மேயற இடம், 1908ல அந்த ட்ரைப்களோட சம்மதம் இல்லாம அவங்களுக்குன்னு ஒதுக்கின ரிசர்வேஷன் நிலத்துக்கு நடுவுலயே எடுத்துக்கிட்டாங்க, 2020 கடைசியில சட்டம் போட்டு சேலிஷ் கூட்னை ட்ரைப்களுக்கே திரும்ப வந்துச்சு, இன்னைக்கும் பொது ஜனம் வண்டி ஓட்டிட்டு போய் பாத்துட்டு வரலாம், பாத்துக்கறது அவங்க. ஓக்லாண்ட்ல 2022ல ஒரு பார்க் உள்ள ஏறக்குறைய 5 ஏக்கருக்கு சிட்டி வேற வழி பண்ணுச்சு, காலாகாலத்துக்கும் அனுபவிக்கற உரிமையை ஓலோனிங்கற பூர்வகுடிப் பெண்கள் நடத்தற ஒரு நில அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துச்சு. வழி இல்லாம இல்ல. எங்க ஊர்லயும் பாதையை திறந்து வெக்கறதைப் பத்தி பேசலாம்னு அவங்களே சொல்றாங்க, புதைச்ச இடத்தை மட்டும் விட்டுட்டு வளைச்சு போட்டுக்கலாம்னு. வளைஞ்சு நடக்க எனக்கு ஒண்ணும் கால் வலிக்கப் போறதில்ல.

யுரேகாவைப் பத்தி எழுதாம இந்த லெட்டரை முடிக்க முடியாது, இதே கலிபோர்னியாவுல வடக்கு கடலோரம் இருக்குற ஊர். பக்கத்துல ஹம்போல்ட் விரிகுடாவுக்குள்ள ஒரு தீவு, வியோட்ங்கற பூர்வகுடி ஜனத்துக்கு அதுதான் உலகத்தோட நடு, பேர் துலுவாட். வருஷா வருஷம் உலகத்தை புதுப்பிக்கற சடங்கு அங்க பண்ணுவாங்க. 1860 பிப்ரவரி 26 ராத்திரி, சடங்கு முடிஞ்சு தூங்கிட்டு இருந்தவங்களை, பெரும்பாலும் பொம்பளைங்க, குழந்தைங்க, வயசானவங்க, கரையில இருந்து படகுல போன சில பேர் கோடாரியும் கத்தியும் வெச்சு வெட்டிக் கொன்னாங்க. துப்பாக்கி சத்தம் கேட்டா ஊர் முழிச்சுக்கும்னு. ஒருத்தருக்கும் தண்டனை கிடையாது. பக்கத்து ஊர் பத்திரிகைல வேலை பாத்த ஒரு இளைஞர் மட்டும் இது கொலைன்னு கண்டிச்சு எழுதினாரு, கொஞ்ச நாள்ல அவரு ஊரை விட்டே போக வேண்டியதா போச்சு. உங்களுக்கு எழுதறதால இதை குறிப்பா சொல்றேன், அந்த காலத்துல அந்தப் பக்கத்துல ஒரு பத்திரிகைக்காரருக்கு மட்டும் சொல்ல வாய் வந்துச்சு.

அப்புறம் அந்த தீவுல மாடு வளர்த்தாங்க, படகு ரிப்பேர் பண்ற யார்டு நடத்தினாங்க, நூறு வருஷத்துக்கு மேல ரசாயனமும் பெயின்ட்டும் மண்ணுல கொட்டி அது விஷமாச்சு. 1990கள்ல வியோட் ஜனமும் ஊர்க்காரங்களும் சேர்ந்து வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்தி அஞ்சலி பண்ண ஆரம்பிச்சாங்க. டி-ஷர்ட் வித்து, ரொட்டி சுட்டு வித்து, நன்கொடை வாங்கி 2000ல தீவுல ஒன்றரை ஏக்கரை காசு கொடுத்து வாங்கினாங்க. அந்த விஷ மண்ணை சுத்தம் பண்ண வருஷக்கணக்கா உழைச்சாங்க. 2004ல சிட்டி இன்னும் 40 ஏக்கருக்கு மேல கொடுத்துச்சு. 2014ல, 154 வருஷம் கழிச்சு, பாதியில நின்ன அந்த சடங்கை அங்கயே பண்ணி முடிச்சாங்க. 2019 அக்டோபர் 21ஆம் தேதி சிட்டி தன்கிட்ட மிச்சம் இருந்த 200 ஏக்கருக்கு மேல எல்லாத்தையும் கையெழுத்து போட்டு கொடுத்துடுச்சு, காசு வாங்கல, கோர்ட்டு கேஸ் எதுவும் இல்ல, கவுன்சில்ல எதிர்ப்பு ஓட்டு ஒண்ணு கூட விழல. யுரேகா பணக்கார ஊரு இல்ல, மரம் வெட்டறதையும் மீன் பிடிக்கறதையும் நம்பி இருந்து ரெண்டும் சரிஞ்சு போன ஊரு. அவங்களால முடிஞ்சது எங்க ஊரால ஏன் முடியாது?

சட்டப்படி முடியாதுன்னு ஒருத்தர் மீட்டிங்ல சொன்னாரு, பொதுச் சொத்தை இனாமா கொடுக்க மாநில அரசியல் சாசனம் தடுக்குதுன்னு. தடுக்கறது உண்மைதான், ஆனா பொது நோக்கம் ஒண்ணு இருந்தா அது இனாம் ஆகாதுங்கறது ரொம்ப நாளா கோர்ட்டு ஏத்துக்கிட்ட விஷயம், இல்லன்னா யுரேகா எப்படி கொடுத்துச்சு. புதைச்ச இடத்தை காப்பாத்தறது, ஓடையை சுத்தம் பண்றது இதெல்லாம் பொது நோக்கம் இல்லாம வேற என்ன. சிட்டி உபரி நிலத்தை விக்கற மாநில சட்டத்துல கூட மத்திய அரசு அங்கீகரிச்ச ட்ரைப்புக்கு அவங்க உபயோகத்துக்காக மாத்தித் தந்தா பல கெடுபிடியில இருந்து விலக்கு இருக்கு. சரி, சிட்டிக்கு காசு வந்தே ஆகணும், பட்ஜெட்ல துண்டு விழுதுன்னா அதுக்கும் வழி இருக்கு. 2020ல இதே கலிபோர்னியா கடலோரம் பிக் சர் பக்கத்துல எஸ்ஸலன் ட்ரைப்புக்கு சுமார் 1,200 ஏக்கர் கிடைச்சது மாநில அரசு கொடுத்த 45 லட்சம் டாலர் மானியத்துல, அவங்க கைக்காசு இல்ல. கவுன்சிலும் ட்ரைப்பும் சேர்ந்தே மாநிலத்துகிட்ட கேக்கலாம். அந்த தட்டு தூக்கற பசங்ககிட்ட இருந்து வாங்க வேண்டாம்.

காசுதானே, முழு விலை கொடுத்து வாங்கிட்டா அவங்களுக்கும் மரியாதைன்னு எங்க குரூப்ல ஒரு அண்ணன் எழுதினாரு, நல்ல மனுஷர்தான், மனசுல கள்ளம் இல்லாமத்தான் எழுதினாரு. அவருக்கு நான் சொன்னது பிளாக் ஹில்ஸ் கதையை. 1868ல ஒப்பந்தம் போட்டு சூங்கற பூர்வகுடி ஜனத்துக்கு கொடுத்த மலை, அங்கயும் தங்கம் கிடைச்சுது, 1877ல பறிச்சுக்கிட்டாங்க. 1980ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அது தப்புன்னு தீர்ப்பு சொல்லி வட்டியோட 10 கோடி டாலருக்கு மேல நஷ்ட ஈடு கொடுக்க சொல்லுச்சு. அவங்க இன்னைக்கு வரைக்கும் அந்த காசை தொடல. அது அரசாங்கக் கணக்குல வளந்து 100 கோடி டாலரை எப்பவோ தாண்டிடுச்சு, இந்த நாட்டுலயே ரொம்ப ஏழ்மையான ரிசர்வேஷன்ல இருந்துக்கிட்டு, எங்களுக்கு காசு வேண்டாம் மலை வேணும்ங்கறாங்க. காசை வாங்கினா வித்ததா ஆயிடும்ல. அதே மாதிரி காசு கொடுத்து வாங்கினா, முன்னாடி நம்மோடது இல்லன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். அந்த பாட்டி செக்கை மாத்தாததும் இதுக்குத்தான். அந்த அண்ணன் அன்னைக்கு எதுவும் சொல்லல, மறுநாள் எனக்கு தனியா போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாரு.

அப்ப உங்க வீட்டையும் எழுதிக் கொடுத்துடுவீங்களான்னும் கேட்டாங்க, அந்த வாசகர் எழுதின பயமும் இதேதான். எங்க ஊர்ல ட்ரைப் யார் வீட்டையும் கேக்கல, நான் படிச்ச வரைக்கும் இந்த மாதிரி திருப்பிக் கொடுத்த எந்த இடத்துலயும் தனியார் வீட்டை பிடுங்கல, எல்லாம் சிட்டி, மாநிலம், மத்திய அரசு கையில சும்மா கிடக்கற நிலம், இல்லன்னா விக்க சம்மதிச்சவங்ககிட்ட வாங்கின நிலம். தார் டிரம் போட்டு வெச்சிருந்த யார்டுக்கும் நம்ம வீட்டுக்கும் முடிச்சு போட்டு ஜனத்தை பயமுறுத்தறது நியாயம் இல்ல.

நமக்கு எதுக்கு இந்த வம்பு, நாம பொழைக்க வந்தவங்க, வெள்ளைக்காரன் பண்ணின பாவத்துக்கு நாம என்ன பண்ணுவோம்னு கேக்கறவங்ககிட்ட எனக்கு ஒண்ணுதான் சொல்ல இருக்கு. நாம பண்ணல, சரி. ஆனா அந்த பத்திரத்தோட சங்கிலியில கடைசி கையெழுத்து நம்மோடது. கவுன்சில் எண்ணிப் பாக்கறது எத்தனை பேர் எதிர்க்கறாங்கங்கறதை, அந்த மனுவுல இருக்குற முன்னூத்து சொச்சம் கையெழுத்துல நம்ம பேருங்க நாப்பதுக்கு மேல, நானே எண்ணினேன். முருகன், செல்வி, பாலசுப்ரமணியன்னு வரிசையா. ஒரு ஜனம் தன் முன்னோர் மண்ணை கேக்கறதுக்கு எதிரா அந்த பேருங்க இருக்கறது எனக்கு தாங்க முடியல. குலதெய்வம் கோயிலுக்கு ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வந்து பூஜை ரூம்ல வெச்சிருக்கற வீடுங்க இது.

என் பொண்ணு நாலாவது படிக்கறப்ப இங்க நிறைய பசங்க பண்ணின மாதிரி, ஸ்பானியர்கள் காலத்து மிஷன் சர்ச் மாடல் ஒண்ணு செஞ்சா, அட்டையில, மேல சிவப்பு ஓடு ஒட்டி. அந்த சர்ச்சை கட்ட உழைச்சது இந்த பூர்வகுடிங்கதான்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, நாங்களும் கேக்கல. இப்ப எட்டாவது படிக்கறா, போன மீட்டிங்க்கு என்கூட வந்தா, அந்த வயசான அம்மா பக்கத்துல போய் உக்காந்து ஏதோ பேசிட்டு இருந்தா. என்ன பேசினன்னு கேட்டேன். அந்த ஓடைக்கு அவங்க பாஷையில என்ன பேருன்னு கேட்டுட்டு வந்திருக்கா. பதினோரு வருஷம் அந்த ஓடை ஓரம் நடந்திருக்கேன், எனக்கு அப்படி ஒரு பேர் இருக்கும்னே தோணல.

ஓட்டெடுப்பு அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இந்த தடவை பேசறதுக்கு சீட்டு கொடுத்துட்டேன், மனுவுல இருந்து எங்க வீட்டு ரெண்டு கையெழுத்தையும் எடுக்க சொல்லி கிளர்க்குக்கு எழுதிட்டேன், பதிலும் வந்துடுச்சு. எங்க ஊர்ல இதை படிக்கற தமிழ் குடும்பங்கள் யாராவது கையெழுத்து போட்டிருந்தா அதே மாதிரி ஒரு ஈமெயில் போட்டா போதும், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. பேச வர்றவங்க மீட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சீட்டை கொடுத்துடணும், ஆரம்பிச்சுட்டா வாங்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடக்கு கலிபோர்னியா